சூட்டு மீட்டரும் என் வீட்டுக்காரரும்

எனக்குச் சும்மா உட்கார வராது. சுங்கைப்பட்டாணியில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலையிலேயே என் முக்கால் ஆயுசு போய்விட்டது. போர்டு நல்லதா கெட்டதா, கெட்டதென்றால் எந்த இடத்தில் கெட்டது என்று பார்த்துச் சரிசெய்து தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கை அரித்துக்கொண்டே இருந்தது. ரைஸ் குக்கர், பக்கத்து வீட்டுக் காற்றாடி, கோயில் மைக் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. சில சாமான்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

நான் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டுக்காரருடைய பழைய கார். அறுபதுகளில் கப்பலேறி வந்த இங்கிலாந்துக் கார். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கியது. அதில் கியர் கம்பி தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். குளிர்சாதனம் என்ற பேச்சே கிடையாது. வளைவில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். "இது ஒனக்குச் சரிப்படாதுலா" என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நானும் போங்கய்யா நீங்களும் உங்கள் காரும் என்று என் ஆட்டோ கியர் காரோடு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன ஆயுத பூஜை முடிந்த கையோடு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பினாங்கில் ஆபரேஷன் ஆயிற்று. நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். சில மாதம் கழித்து, இனி நீங்கள் வண்டி ஓட்டலாம், நடக்கலாம், எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். தூண்டிலைப் பின்வீட்டு மலாய்க்காரரிடம் கொடுத்தார். பேட்மிண்டன் மட்டையைக் கொடுத்தார். கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டு போகிற நல்ல ஷூவைக்கூடக் கொடுத்தார்.

காரை மட்டும் வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் கொஞ்சதூரத்திலேயே நிறுத்திவிடுவார். "சூடாவுது, ஊசியப் பாரு" என்பார். வேகமானிக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. அதில் ஊசி குளிரில் தொடங்கி நடுவில் நிற்க வேண்டும். இது நடுவைத் தாண்டி மேலே மேலே போய்ச் சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். இறங்கி பானெட்டைத் திறந்து வைப்பார். ஆவி வராது, கொதிக்கிற சத்தம் கேட்காது, தண்ணீர் குறைந்திருக்காது. ஆனாலும் ஆறட்டும் என்று காத்திருப்பார். நானும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அந்த வெயிலில் நிற்பேன்.

ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது, தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"காடிய வித்துறலாம்னு இருக்கேன். மெர்கோங்ல ஒரு தம்பி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம இழுவ லாரி கொண்டுக்கிட்டு வருது."

அந்தக் காரின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இந்த மனுஷர் அதை விற்கிறேன் என்று சொன்னால், இனிமேல் நமக்கு என்ன இருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். தூண்டில் போயிற்று, மட்டை போயிற்று. காரும் போய்விட்டால் மிச்சமிருப்பது வரவேற்பறை நாற்காலியும் மாத்திரை டப்பாவும்தான். அதில் அவரை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சூடாவுதுல்ல. நடு ரோட்டுல விட்டுட்டா என்ன பண்றது?"

"சூடு இல்லேன்னு ஆயிட்டா?"

அவர் விற்றே தீருவேன் என்று அடம்பிடிக்காமல் தேநீரைக் குடித்தார். அது போதும் எனக்கு. தட்டைக்கூடக் கழுவவில்லை, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முதலில் அவர் வழக்கமாகப் போகிற பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஏற்கெனவே இந்த ஊசியோடு மல்லுக்கட்டியவர்தான். ரேடியேட்டரைக் கழுவியிருக்கிறார், இஞ்சினில் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்கிற சென்சரை மாற்றியிருக்கிறார். அப்புறம் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டிருக்கிறார். இஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்து அப்புறம் திறந்துவிடுகிற சின்ன அடைப்பான் அது.

"இந்த ஊரு வெயிலுக்கு அது எதுக்குக்கா? அது குளுரு நாட்டுக்காரனுக்குச் செஞ்சது. அத எடுத்தும் ஊசி மேலதான் போவுது. இஞ்சின் பழசாயிருச்சுக்கா, அவ்வளவுதான்."

எனக்கு அந்த இடத்தில்தான் காது நிமிர்ந்தது. அடைப்பானே இல்லாமல் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் இஞ்சின் சூடேறவே சிரமப்பட வேண்டும். ஊசி கீழே அல்லவா கிடக்க வேண்டும்? அப்படியும் மேலே போகிறதென்றால் சந்தேகம் இஞ்சின் மேல் இல்லை, ஊசி மேல். தொழிற்சாலையில் இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். போர்டைக் குறை சொல்வதற்கு முன்னால் மீட்டரைப் பார்.

சரி, இஞ்சின் உண்மையிலேயே எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று வீட்டில் கிடந்தது. அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ரேடியேட்டரைக் குறிபார்த்து அழுத்தினேன். அது ஒரு கூச்சல் போட்டு, திரையில் சிவப்பாக 'ஹை' என்று காட்டியது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? அதுவும் அதத்தான் சொல்லுது."

"இது மனுஷனுக்குக் காய்ச்சல் பாக்கறதுங்க! கொதிக்கிற கோப்பிய காட்டுனாலும் இப்படித்தான் கத்தும்!"

அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துப்பாக்கியைக் குப்பையில் எறியத் தோன்றியது. டவுனில் சாமான் கடைக்குப் போய் இஞ்சின் சூட்டை அளக்கிற நல்ல துப்பாக்கியாக ஒன்று வாங்கி வந்தேன். அதைக் காட்டினால், ஊசி சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிற நேரத்திலும் இஞ்சின் எண்பது டிகிரியைக்கூடத் தொடவில்லை. ஆக ஊசி பொய் சொல்கிறது. எங்கே பொய் சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

சென்சரைக் கழற்றி வந்து அடுப்பில் பால் காய்ச்சுகிற சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் தொங்கவிட்டேன். மல்டிமீட்டர் முனைகளைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சூடேற ஏற மின்தடை எண், இறங்க வேண்டியபடி ஒழுங்காக இறங்கி வந்தது. சென்சர் தங்கம், அதில் ஒரு குறையும் இல்லை. "ஐயோ, அதுல நாளைக்குப் பால் காய்ச்சுவியா?" என்று அவர் கேட்டார். காய்ச்சுவேன் என்றேன். வயரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் தடவிப் பார்த்தேன், அறுந்தது இல்லை, உரிந்தது இல்லை. சென்சரைப் பழையபடி மாட்டினேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடியது.

அவரிடம் நேரில் காட்டினால் நம்புவார் என்று நினைத்தேன். கோலா கெத்திலில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்வரலாம், வழியெல்லாம் துப்பாக்கியால் அளந்து காட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்து அவரைக் கிளப்பினேன். முதலில் ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினார். நான் இறங்கி அளந்து காட்டினேன், "ம்" என்றார். அப்புறம் ஒரு கோயில் வாசலில் நிறுத்தினார். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்து முன்னால். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைக் காட்ட, அவர் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சிடாம் கிரி என்கிற ஊரைத் தாண்டிப் போகும்போது கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனைக் காடு. ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. அவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். நான் வேகமாக இறங்கி பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. சட்டைக்குள் கையை விட்டு, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல, இல்ல. ஒண்ணுமில்ல. நீ வந்து உள்ள ஒக்காரு."

மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். மீட்டரில் கால் டேங்க் இருக்கிறதே என்று இவர் சொன்னார். பெரியவர் சிரித்துக்கொண்டு காரை ஒரு குலுக்குக் குலுக்கினார். டேங்கில் சளக் என்ற சத்தம்கூட வரவில்லை. நல்ல மனுஷர், அவரே போய்ப் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். நாங்கள் கோலா கெத்திலுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பினோம்.

வழிநெடுக என் தலைக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. சூட்டு ஊசி அதிகமாகக் காட்டுகிறது. பெட்ரோல் ஊசியும் அதிகமாகக் காட்டுகிறது. இரண்டும் ஒரே பக்கம் பொய் சொன்னால் இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அட மடச்சி, இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா!

சனிக்கிழமை காலை டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். இரண்டு மீட்டருக்கும் கரண்டை அளந்து கொடுக்கிற ஒரு குட்டித் தகரப் பெட்டி அங்கே திருகியிருந்தது. பேட்டரியிலிருந்து வருகிற கரண்டை அப்படியே விடாமல், விட்டு விட்டுக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்க வேண்டியது, பேட்டரி அளவிலேயே ஆடாமல் அசையாமல் நின்றது. அந்தப் பெட்டி வேலை செய்ய வேண்டுமானால் அதன் தகரம் காரின் உடம்பைத் தொட்டு எர்த் ஆக வேண்டும். அளந்தேன். தொடர்பே இல்லை. திருகாணியைக் கழற்றிப் பெட்டியை எடுத்தேன்.

பெட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பெயிண்ட். பளபளவென்று, கண்ணாடி மாதிரி, ஒரு சொட்டு வழியாமல் அடித்த எனாமல் பெயிண்ட்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். அவருடைய அப்பா ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். அங்கே ஆயுத பூஜை என்றால் சந்தனம் குங்குமம் வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் மிஷினைத் திருகு திருகாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, புதுப் பெயிண்ட் அடித்து மாட்ட வேண்டும். பெயிண்ட் அடிக்காத மிஷினுக்குப் பூஜை செய்தால் சாமி ஏற்காது என்பது அவர்கள் கட்சி. அந்தப் பழக்கத்தை இவர் காருக்கும் விடவில்லை. போன ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் காருக்கடியிலேயே கிடந்தார். கண்ணுக்கே தெரியாத இந்தத் தகரத்தைக்கூடக் கழற்றி, அதன் முதுகிலும் பெயிண்ட் அடித்து, பக்தியோடு திருப்பி மாட்டியிருக்கிறார். அப்புறம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி. ஊசி எப்போதிலிருந்து ஏறுகிறது என்று யார் யோசித்தார்கள்?

காருக்குள் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் ஓடி வந்தார்.

"என்னா, ஷாக்கா?"

"ஷாக்கு இல்ல. ஒங்க சாமிதான்! பெயிண்ட் அடிச்சு எர்த்த மூடிட்டீங்க!"

உப்புத்தாளால் அந்தப் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளித் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துப் பெட்டியை மாட்டினேன். பெட்ரோல் ஊசி உள்ளதைக் காட்டியது. கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டையும் பட்டறைக்காரரிடமிருந்து வாங்கி வந்து மாட்டச் சொன்னேன். இஞ்சின் ஓட ஓட, சூட்டு ஊசி மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "ம், சரியாயிருச்சு" என்றார், அவ்வளவுதான். மெர்கோங் தம்பியை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

"வாங்க, அக்கா வீட்டுக்குப் போவோம்" என்றேன். பிற்பகல்தான் ஆகியிருந்தது. டேங்க் நிரம்ப எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊசி நடுவிலேயே நின்றது, ஒரு மயிரிழை அசையவில்லை. நான் துப்பாக்கியைக்கூட எடுத்து வரவில்லை. அதே இளநீர்க் கடை வந்தது. அவர் சிக்னல் போட்டு ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கு நிறுத்துறீங்க? ஊசி நடுவுலதான நிக்குது? இன்னும் என்னதான் பண்ணணும் நான்? இஞ்சினக் கழட்டி ஒங்க மடியில வெக்கணுமா?"

அவர் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கடைக்காரர் இளநீர் சீவுவதைப் பார்த்தபடி சொன்னார்.

"ஊசி சரியாத்தான் இருக்கு, தெரியுது. இங்க ஆளுங்க இருக்காங்க. இன்னும் கொஞ்சம் போனா காடுதான். நேத்து எண்ணெ முடிஞ்சு நின்னோமே, அங்க எனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? இந்தக் காடிய நகத்தக்கூட ஒனக்குத் தெரியாது. என்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னு கத்திக்கிட்டு இருப்ப. அந்த நெனப்பு வந்தா எனக்குக் கை காலு ஓட மாட்டேங்குது."

இளநீர்க் கடை, கோயில் வாசல், பள்ளிக்கூடம். ஊசி ஏறியதற்காக அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. எனக்காக ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

"அதனாலயா விக்கிறீங்க?"

"ஒன் காருன்னா நீதான் ஓட்டுவ. எனக்கு என்னா ஆனாலும் நேரா ஆஸ்பத்திரிக்கு விட்டுருவ."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை நாள் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஊசி ஊசி என்று என்னை அலையவிட்டாரே! முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து நின்றேன்.

"தள்ளுங்க."

"என்னா?"

"அந்தப் பக்கம் தள்ளுங்க. நான் ஓட்டுறேன்."

"ஏய், இது வெளையாட்டு இல்லலா. கியரு வேற மாதிரி."

"தெரியும். சொல்லிக் குடுங்க. லைசென்ஸ் கியரு காடியிலதான எடுத்தேன்?"

அவர் என்னையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அந்த நீளமான சீட்டில் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் ஈரமாக இருந்தது, அவர் கை வேர்வை. கிளட்ச்சை மிதித்தால் கால் எட்டவில்லை, சீட்டு நுனிக்கு வந்தேன். முதல் தடவை கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. இரண்டாம் தடவை இஞ்சின் அலறியது. இளநீர்க் கடைக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எனக்கு மானம் போயிற்று, ஆனால் இறங்கவில்லை. அடுத்த தடவை வண்டி நகர்ந்தது. அவர் கையை என் கைமேல் வைத்துக் கியர் கம்பியை இழுத்துக் காட்டினார். இரண்டாவது கியரில் தட்டுத்தடுமாறி ரோட்டுக்கு ஏறினோம்.

சிடாம் கிரியைத் தாண்டினோம். வீடுகள் குறைந்தன, கடைகள் நின்றுபோயின. என் கண் ரோட்டை விட்டு அகலவில்லை, கழுத்து மரத்துப்போயிற்று. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்து முந்திக்கொண்டு போனது. "அவன் கெடக்குறான், நீ ஒன் பாட்டுக்குப் போ" என்றார் அவர். அப்போது அவருடைய போன் அடித்தது.

மெர்கோங் தம்பி. சத்தமாகப் பேசுகிறவர் போலிருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்கு லாரியைக் கொண்டுவரட்டும் என்று கேட்டது எனக்கே கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

"தம்பி, நாளைக்கு வராதீங்க" என்றார். "இல்லலா, வேற ஆளுக்கெல்லாம் குடுக்கல. கோவிச்சுக்காதீங்க தம்பி. வீட்டுல ஓட்டப் பழகுறாங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் செம்பனைதான், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை.

"கிளட்ச்ச மிதி" என்றார். "மூணாவது போடு."